இஸ்திரி போட்ட வானம்

"இன்னுங் கொஞ்சம் வாயத் தொறங்க மேடம்" என்கிறார் டாக்டர் பூங்கோதை. திறக்கிறேன். இதற்கு மேல் திறந்தால் தாடை கழன்று அவர் கையோடு போய்விடும். விளக்கை முகத்துக்கு நேராக இழுத்து வைத்திருக்கிறார், கண்ணை மூடிக்கொண்டாலும் இமைக்குள் சிவப்பாகவே இருக்கிறது, சிவப்பு வேண்டாம், வேறு எதையாவது நினைக்கலாம், பல்லை நினைக்கலாம். கீழ்வரிசையில் கடைசிக்கு முந்தின பல். வேர் வரைக்கும் சொத்தை என்று படம் எடுத்துக் காட்டினார். படத்தைப் பார்க்கிறவரை வெறும் கூச்சம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஐஸ் தண்ணீர் குடித்தால் மட்டும், இனிப்பு தின்றால் மட்டும், படுத்தால் மட்டும். அப்படிப்பட்ட ஆள்தான் நான். எதையும் கூச்சம் என்று சொல்லித் தள்ளிப்போடுகிறவள். காலையில் அந்தப் புள்ளியைப் பார்த்தபோதும் அப்படித்தான் தள்ளினேன். கம்ப்யூட்டர் போட்ட மழைப் படத்தில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி, மலையடிவாரத்தில், இன்றைக்கு மதியம் தாண்டி. புள்ளி என்றுகூடச் சொல்லக்கூடாது, ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கட்டம், சுற்றிலும் ஒன்றுமே இல்லை. காலைக் கூட்டத்தில் மகாலிங்கம் சார், எங்கள் வானிலை மையத்தின் இயக்குநர், "மேற்கால ஏதாவது இருக்காம்மா சுகுணா?" என்று கேட்டார். போனில்தான் கூட்டம், யார் முகத்தையும் யாரும் பார்க்கவேண்டியதில்லை. "பெருசா ஒண்ணும் இல்ல சார்" என்றேன். பெருசா. அந்த ஒரு சொல்லை எதற்குச் சேர்த்தேன் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு யாராவது கேட்டால், பெருசா இல்லை என்றுதானே சொன்னேன், அறவே இல்லை என்றா சொன்னேன் என்று நழுவிக்கொள்ளத்தான். சொல்லும்போதே காது சூடாகிவிட்டது. நல்லவேளை, போனில் காது தெரியாது.

ஊசி உள்ளே போகிறது. எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்றார், எந்த ஊர் எறும்போ. "மரத்துப்போகக் கொஞ்ச நேரம் ஆகுமுங்க" என்று கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்கிறார். எனக்கு வாயில் பஞ்சு, அவருக்குப் பேச ஆசை, இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. "நீங்க வானிலைல வேலை பாக்கறீங்களாமா, வெளிய பிள்ள சொல்லுச்சு" என்கிறார். வந்துவிட்டது, இதோ வரப்போகிறது. "இன்னிக்கு மழை வருங்களா?" இந்தக் கேள்விக்கு நான் பழகிவிட்டேன். காய்கறிக்காரர் கேட்கிறார், பெட்ரோல் பங்கில் கேட்கிறார்கள், எங்கள் அடுக்ககத்து வாட்ச்மேன் தினமும் கேட்டைத் திறந்துகொண்டே துணி காயப்போடலாங்களா மேடம் என்கிறார், கிண்டலா நிஜமா என்று இத்தனை நாளாகியும் எனக்குப் பிடிபடவில்லை. தலையை ஆட்டுகிறேன். வராது. பஞ்சை ஒதுக்கிக்கொண்டு "வாய்ப்பு கம்மிங்க" என்று வேறு சொல்லிவைக்கிறேன். வாய்ப்பு கம்மி! பெருசா இல்லை என்பதன் தங்கச்சி. ஜன்னலுக்கு வெளியே மே மாசத்துக் கோயம்புத்தூர் வெயில் கார்களின் கூரையில் கொதிக்கிறது, ஒரு மேகம்கூட இல்லை, யார் கேட்டாலும் வராது என்றுதான் சொல்லுவார்கள். ஆனால் மற்றவர்கள் யாரும் அந்தப் புள்ளியைப் பார்க்கவில்லையே. நான் மட்டும்தான் பார்த்தேன்.

பார்க்கக்கூடாதுதான். பார்க்காமல் இருக்கத்தானே அந்த வேலையையே செய்தேன். கம்ப்யூட்டருக்கு மலையும் தெரியாது, காடும் தெரியாது. நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு காற்று, ஒரு வெப்பம், ஒரு ஈரம் என்று எண்ணைக் கொடுத்து, பக்கத்துக் கட்டத்தைப் பார்த்துப் பார்த்து அடுத்த நிமிஷத்துக் கணக்கைப் போடு என்கிறோம். போடுகிறது. போடப்போட, இங்கே ஒரு பிசகு அங்கே ஒரு பிசகு சேர்ந்து, ஒரு கட்டம் ஏறும், அடுத்தது இறங்கும், அதற்கடுத்தது ஏறும், ரம்பத்தின் பல் மாதிரி. வானத்தில் அப்படி எதுவும் நடப்பதில்லை. கணக்குக்குள்ளே மட்டும் நடக்கிற கூச்சல். இரைச்சல் என்போம் நாங்கள். அது முற்றினால், வெயில் காய்கிற ஊரில் மழை கொட்டுகிறது என்று படம் காட்டும். அதை அடக்க ஒரு வழி இருக்கிறது, நான் கண்டுபிடித்த வழி ஒன்றுமில்லை, உலகத்தில் எல்லாரும் செய்வதுதான். ஒவ்வொரு கட்டத்தையும் அக்கம்பக்கத்தோடு கொஞ்சம் ஒத்துப்போகச் சொல்லும் நாலு வரிக் கணக்கு. மேடு கொஞ்சம் இறங்கும், பள்ளம் கொஞ்சம் ஏறும், சுருக்கம் போய்விடும். எங்கள் ஆபீசில் ஜெரால்டு அதற்கு சுகுணா இஸ்திரி என்று பேர் வைத்தான், அதுவே நிலைத்துவிட்டது, இஸ்திரி போட்டாச்சா மேடம் என்றுதான் கேட்பார்கள். புயலுக்கும் பருவமழைக்கும் அதனால் ஒன்றும் ஆகாது, அவை எத்தனையோ கட்டம் அகலம், பெட்டி மேலே போனாலும் அசையமாட்டா. மாட்டிக்கொள்வது பொடிசுகள்தான். கோடையில் மதியத்துக்கு மேல் மலையடிவாரத்தில் திடீரென்று குவிந்து, ஒரே இடத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுக் காணாமல் போகும் மேகம், அதுவும் இரண்டு கட்டம்தான் அகலம். இரைச்சலும் இரண்டு கட்டம்தான். இது வேண்டுமென்று வைத்த மடிப்பு, அது தானாக விழுந்த சுருக்கம் என்று இஸ்திரிப்பெட்டிக்குத் தெரியுமா? சூட்டை எவ்வளவு வைப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. போன கோடைகளில் மழைமானிகளில் விழுந்த மழையை எடுத்துவைத்து, எது மடிப்பு எது சுருக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சூட்டை முடிவுசெய்யவேண்டும். மாசக்கணக்கில் பிடிக்கும் வேலை. நான் அப்படிச் செய்யவில்லை. படத்தைத் திரையில் போட்டுக்கொண்டு, மகாலிங்கம் சார் பின்னால் நிற்க, கொஞ்சம் ஏற்றினேன், இன்னும் கொஞ்சம் ஏற்றினேன், புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன, "ம்ம், இப்ப டிவில காட்டலாம்" என்றார், அங்கே நிறுத்திவிட்டேன். அழகாக இருந்ததால் நிறுத்தினேன். காரணத்தைப் பிறகு எழுதிக்கொண்டேன்.

உதட்டின் ஓரம் தடிக்கத் தொடங்குகிறது. யாரோ என் வாயில் வேறொருத்தியின் உதட்டை ஒட்டவைத்த மாதிரி. எதற்கு அத்தனை அவசரம் என்று இப்போது கேட்டுக்கொள்ளலாம், கேட்டால் பதில் தயாராக இருக்கிறது, சிரித்தார்கள். அவ்வளவுதான். போன வருஷம் இஸ்திரி இல்லாத காலத்தில் இதே மாதிரி சிவப்பு பக்கத்து மாவட்டத்தில் விழுந்தது. எச்சரிக்கை கொடுத்தோம், பள்ளிக்கூடத்துக்கெல்லாம் விடுமுறை விட்டார்கள். அன்றைக்கு அடித்த வெயில் அதற்கப்புறம் அடிக்கவில்லை. வெயிலில் குடைபிடித்து நிற்கும் எருமையின் படத்தை யாரோ போட்டு, எச்சரிக்கைக்கு நன்றி என்று கீழே எழுதியிருந்தார்கள். ஊரெல்லாம் சுற்றியது. சுற்றட்டும், ஊர் சிரிக்கட்டும், அதைத் தாங்கியிருப்பேன். முரளி அனுப்பினான். என் வீட்டுக்காரன். அது எங்கள் மையத்தின் எச்சரிக்கை என்று யோசிக்காமல், குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பக்கத்தில் கண்ணில் நீர்வரச் சிரிக்கும் மூஞ்சிகளையும் வரிசையாகப் போட்டான். ஹாலில் அவன் சிரிப்பதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். அப்புறம் தெரிந்து, ஐயையோ, சாரிம்மா, நீயா அது, என்று வந்து நின்றான், அப்போதும் உதட்டோரம் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. நானும் சிரித்தேன். நல்லா இருக்கு எருமை என்றேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, அடுத்த மாசமே இஸ்திரி வேலையைத் தொடங்கிவிட்டேன். ஒருவர்கூட இனி சிரிக்கக்கூடாது. அறிவியல், அறிவியல் என்று மேடையில் பேசினேனே, கைதட்டினார்களே, சால்வை போட்டார்களே, அத்தனைக்கும் அடியில் இருந்தது அந்த எருமைதான்.

ஆனால் மனசு கேட்கவில்லை. அதனால்தான் தினமும் காலையில், யாருக்கும் தெரியாமல், இஸ்திரியை எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப்பார்க்கிறேன். கதவிடுக்கில் பார்க்கிற மாதிரி. பாதி நாள் புள்ளி விழும். பெரும்பாலும் பொய்தான், மழைமானியில் ஒன்றும் இருக்காது, அப்பாடா என்று மூடிவிடுவேன். சில நாள் பொய்யில்லை. அந்தச் சில நாளில் எங்கோ ஒரு தோட்டத்தில் வாழை சாய்ந்தது, ஒரு சந்தையில் தார்ப்பாய் பறந்தது என்று பேப்பரில் மூலையில் வரும், நான் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். யாரும் சாகவில்லையே. யாரும் சாகவில்லையே என்று சொல்லிக்கொள்ளுகிற ஒருத்தி எப்படிப்பட்டவளாக இருக்கவேண்டும் என்று யோசிக்க ஆரம்பிக்கும்போது ஏதாவது வேலை வந்துவிடும். இன்றைக்கு விழுந்தது பொய்யா நிஜமா என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? லேப்டாப்பை மூடினேன், சேலையில் பின் குத்தினேன், பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறதே என்று கிளம்பிவிட்டேன். பல்லுக்கு ஒரு மாசமாகப் போகாதவள் இன்றைக்கு ஓடோடி வந்திருக்கிறேன். ஏன் வந்தேன்? வாயைத் திறக்க முடியாத இடம் இது ஒன்றுதான். திறந்தே இருக்கும், ஆனால் பேசமுடியாது.

"அப்ப நல்லதாப் போச்சுங்க" என்கிறார் பூங்கோதை. எது நல்லதாய்ப் போச்சு? நான் எங்கோ போய்விட்டு வந்ததில் அவர் பேச்சு நடுவில் விட்டுப்போயிருக்கிறது. "மழை இல்லீன்னீங்களே, அதுதானுங்க. லீவு வேற, சனிக்கெழமை வேற. வீட்டுக்காரரு ரெண்டு பேத்தையும் கூட்டிட்டு ஊசிப்பாறை அருவிக்குப் போயிருக்காருங்க. சின்னவ நிவி ஒரே அழுகாச்சி, அருவி பாக்கோணும் அருவி பாக்கோணும்னு. தண்ணியும் கம்மியாத்தான் விழுகுதாமா, பாறைல உக்காந்து வெளையாடலாம்னாரு." ஊசிப்பாறை. அந்த இரண்டு கட்டத்தில் ஒன்று ஊசிப்பாறைக்கு மேலே இருக்கும் மலை. அங்கே கொட்டினால் அருவியில் நிற்கிறவர்களுக்கு முதலில் ஒரு சொட்டுகூட விழாது. தலைக்கு மேல் வெயில் காய்ந்துகொண்டே இருக்கும், தண்ணீர் மட்டும் செம்மண் நிறமாக மாறும், அப்புறம் ஓட நேரம் இருக்காது. இதெல்லாம் எனக்குக் காலையிலேயே தெரியும். புதிதாக எதையும் அவர் சொல்லிவிடவில்லை. சனிக்கிழமை என்று தெரியும், கோடை விடுமுறை என்று தெரியும், கோயம்புத்தூரில் பாதிப்பேர் அங்கேதான் நிற்பார்கள் என்று தெரியும். அப்போதெல்லாம் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லையே! ஊர்பேர் தெரியாத கூட்டமாக இருந்தவரை அது இரைச்சல். நிவி என்று ஒரு பேர் வந்ததும் அது மழை. படத்தில் ஒரு எண்ணும் மாறவில்லை, மாறினது நான்தான், சீ, என்ன பிறவி இது. இந்த டாக்டரின் மகள் வீட்டிலேயே இருந்திருந்தால் நான் பல்லை அடைத்துக்கொண்டு, மத்தியானம் தயிர்சாதம் கரைத்துக் குடித்துவிட்டு, படுத்துத் தூங்கியிருப்பேன்.

இடது கையைத் தூக்குகிறேன். வலித்தால் கையைத் தூக்குங்க என்று முதலிலேயே சொல்லிவைத்திருந்தார். "அட, இன்னும் உணர்ச்சி இருக்குதுங்களா? இருங்க, இன்னுங் கொஞ்சம் போட்டுடலாம்" என்று எழுந்து, நான் இல்லை இல்லை என்று தலையாட்டுவதற்குள் தாடையைப் பிடித்து இன்னொரு ஊசி போட்டுவிட்டார். நானும் வாயைக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன், அவரைக் குறைசொல்ல முடியாது. அந்த ஊசி போடும் நேரம் எனக்கு உதவியாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், என்ன சொல்வது எப்படிச் சொல்வது என்று அதற்குள் தேடினேன். புள்ளியைச் சொன்னால் இஸ்திரியைச் சொல்லவேண்டும். இஸ்திரியைச் சொன்னால் காலைக் கூட்டத்தைச் சொல்லவேண்டும். எதையும் சொல்லாமல் அந்தக் குழந்தைகளை மட்டும் அங்கிருந்து எடுத்துவிட முடியுமா? முடியும். ரொம்பச் சுலபம். நாக்கு பாதி மரத்துவிட்டது, பஞ்சைத் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்து, "வீத்துக்காரர வரச் சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே குடித்தவள் குரல் மாதிரி கேட்டது. "மலைல மேகம் வரலாம். சும்மா ஒரு சந்தேகம்தான். எதுக்கும் கிளம்பிரச் சொல்லுங்க." சும்மா. எதுக்கும். சந்தேகம். என் சாமான்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பிவிட்டேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. இப்பத்தானே வராது என்றீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை, அப்படிக் கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். போனை எடுத்துவிட்டார்.

ஸ்பீக்கரில் அருவியின் சத்தமும் குழந்தைகளின் கூச்சலும் ஒரே குவியலாக வருகிறது. "என்ன கண்ணு?" என்கிறார் அவர் வீட்டுக்காரர், உற்சாகமான குரல். கிளம்பி வாங்க, மலையில் மழை வருமாமா என்கிறார் இவர். "மழையா? இங்க மண்டையப் பொளக்குது வெயிலு. யாரு சொன்னா?" "வானிலைல இருக்கற மேடமே சொல்றாங்க, எங்கிட்டத்தான் இருக்காங்க." அவ்வளவுதான், அங்கே சிரிப்பு. அருவியையும் தாண்டிக் கேட்கிறது. "வானிலையா? அவங்க சொன்னாங்கன்னா கண்டிப்பா வராது போ." பூங்கோதை என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொள்கிறார், எனக்காக அவருக்கு வெட்கம். "சொன்னாக் கேளுங்க. மொதல்ல புள்ளைங்களத் தூக்கிட்டு மேல ஏறுங்க, அப்பறமாச் சிரிங்க" என்று அதட்டிவிட்டு, அவர் சரி சரி என்பதைக் கேட்டபிறகுதான் வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. நிவி மேலே ஏறிவிடுவாள். நாற்காலியில் சாய்ந்து, யாரும் சொல்லாமலே வாயைத் திறந்துகொண்டேன். சாய்ந்ததை இப்போது நினைத்தாலும் குறுகிப்போகிறது, ஒரு வேலையை முடித்துவிட்ட அலுப்போடு சாய்ந்தேன். அவர் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டே, "அங்க இன்னிக்கு நிக்க எடமில்லீங்களாமா. மத்தவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சுங்களா?" என்று கேட்டார். சந்தேகத்தோடு கேட்கவில்லை, சொல்லித்தானே இருப்பார்கள் என்ற நம்பிக்கையோடு கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆச்சு என்று ஆட்டினேன். "அதுதானே" என்று சிரித்துவிட்டு மெஷினை எடுத்தார்.

மெஷின் பல்லைத் தொடுகிறது. வலி கொஞ்சமும் இல்லை, எலும்புக்குள் அதிர்வு மட்டும், காதுக்குள் கீச்சென்று ஒரு சத்தம், தேய்க்கிற வாசனை. என்ன ஒரு நிம்மதி, ஒன்றுமே தெரியவில்லை, தேய்த்துக்கொண்டே இருங்கள் டாக்டர் என்று சொல்லத் தோன்றுகிறது. சாயங்காலத்துக்குள் ஒன்றும் நடக்காமலும் போகலாம். பெரும்பாலும் பொய்தானே. இன்றைக்கும் பொய்யாக இருந்துவிட்டால் நான் ஆட்டின தலையும் பொய்யில்லாமல் ஆகிவிடும். இல்லை, எப்படி ஆகும். நிவியின் அப்பா இந்நேரம் ஒரு கையில் ஒருத்தி, இன்னொரு கையில் இன்னொரு குழந்தையோடு படி ஏறிக்கொண்டிருப்பார், பக்கத்தில் யாராவது ஏன் சார் அதுக்குள்ள கிளம்பிட்டீங்க என்று கேட்பார்கள், யாரோ மழைன்னு சொல்றாங்க என்பார், இரண்டு பேரும் சிரிப்பார்கள், கேட்டவர் தன் குழந்தைக்குத் துண்டைக் கட்டிவிட்டுத் தண்ணீருக்குள் இறக்குவார். அந்தக் குழந்தைக்கு என்ன பேர்? பேர் தெரியவேண்டுமா எனக்கு? ஒவ்வொன்றுக்கும் பேர் எழுதிக்கொண்டுவந்து காட்டினால்தான் வாய் திறப்பேனா? நான் பயப்படுவது அவர்கள் வெள்ளத்தோடு போய்விடுவார்கள் என்பதற்கு இல்லை. போகாமல் இருந்துவிடுவார்களே என்பதற்குத்தான். எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டு, வெயிலில் நிற்கவைத்துவிட்டு, ஒன்றும் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் என் பயம். இப்படி ஒரு பயத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் வானத்தைப் பார்க்கிற வேலையில் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

கையைத் தூக்குகிறேன். மெஷின் நிற்கிறது. "இப்ப வலிக்க வாய்ப்பே இல்லீங்களே" என்கிறார். "சொல்லல" என்கிறேன். "என்னதுங்க?" "யாருக்கும் சொல்லல. தலையாட்டுனது பொய்." எச்சில் ஒழுகுகிறது, துடைத்தாலும் துடைத்தது தெரியவில்லை. அவர் முகக்கவசத்தைக் கீழே இறக்குகிறார். கோபம் வரும் என்று பார்க்கிறேன், வரவில்லை, புரியாமல்தான் பார்க்கிறார். "ஏனுங்க?" என்கிறார். அந்த ஏனுங்கவுக்கு மேடையில் சொல்லும் பதில்கள் என்னிடம் எத்தனையோ இருந்தன, கட்டம், அலை, நிலையாமை, நம்பகம் என்று. "சிரிப்பாங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்து என் மடியில் வைத்தார்.

அறைக்குள் என் போனுக்கு டவர் சரியில்லை, வெளியே வரவேற்பறையில் நின்றுதான் பேசவேண்டியிருந்தது. வீங்கின கன்னத்தோடு ஒரு பெரியவர், விடுமுறை அலுப்போடு இரண்டு பிள்ளைகள், டோக்கன் கொடுக்கும் பெண், எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், கழுத்தில் பச்சைத் துணி கட்டியிருக்கிறேன். டூட்டியில் ஜெரால்டு. "ஊசிப்பாறைக்கு எச்சரிக்கை போடு, சிவப்பு" என்கிறேன், பாதி எழுத்து வெளியே வரவில்லை. "மேடம்? குடிச்சிருக்கீங்களா மேடம்?" என்று சிரிக்கிறான். பல் என்கிறேன். திரும்பச் சொல்கிறேன். திரும்பவும், சத்தமாக. "மேப்ல ஒண்ணுமே இல்லையே மேடம், சுத்தமா இருக்கே." "சுத்தம் பண்ணது நாந்தானே. இஸ்திரிய எடுத்துட்டு ஓட்டிப் பாத்தேன். அங்க இருக்கு." "எப்பப் பாத்தீங்க?" "காலைல." "கூட்டத்துக்கு முன்னாடியா?" "முன்னாடி." அவன் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம். "பொய்யாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது" என்று அதையும் கத்திச் சொல்கிறேன், பெரியவர் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். "வனத்துறைக்கு மொதல்ல போன் போடு, தண்ணில இருக்கற எல்லாரையும் மேல ஏத்தச் சொல்லு. அப்பறமா மத்தது." "சார்கிட்ட என்ன மேடம் சொல்லட்டும்?" "காலைல நான் மறைச்சேன்னு சொல்லு." "என்னது மேடம்? கேக்கல." கேட்டிருக்கும் அவனுக்கு. இன்னொரு தடவை என் வாயால் வரட்டும் என்றுதான் கேட்டான், கேட்கட்டும். "மறைச்சேன். நான் மறைச்சேன்" என்றேன். ஒரு பிள்ளை இன்னொன்றின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தது.

இப்போது மறுபடி நாற்காலியில் இருக்கிறேன். பல்லைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போக முடியாதாம், முடித்துத்தான் அனுப்புவாராம். நடுவில் ஜெரால்டு ஒரு வரி அனுப்பினான், வனத்துறை ஆட்கள் விசிலடித்துக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம், சனங்கள் சண்டை போடுகிறார்களாம், வெயிலில் எதற்கய்யா ஏற்றுகிறாய் என்று. பூங்கோதை அதிகம் பேசவில்லை. வாயைத் தொறங்க, கொப்பளிங்க, அவ்வளவுதான். ஜன்னல் முழுக்க வெயில். மேற்கே ஒரு பஞ்சுத்துணுக்குகூட இல்லை. வராமல் போவதுதான் நல்லது. எல்லாரும் கரையேறிவிட்டார்களா என்று யாருக்குத் தெரியும், மேலே பாறை மறைவில் எவனாவது இரண்டு பேர் விசில் கேட்காமல் காலை நனைத்துக்கொண்டிருக்கலாம். அதனால் வரக்கூடாது. ஒரு கீறல் இல்லாமல் எல்லாரும் என்னைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகவேண்டும், ராத்திரி போனில் என்னை வைத்துச் சிரிக்கவேண்டும், அப்படி நடந்தால்தான் அது நல்ல நாள். அதையே வேண்டிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினேன். வேண்டிப் பார்த்தேன். உதடு மரத்திருக்கிறது, உள்ளே ஒன்றும் மரக்கவில்லை, அது அதன் பாட்டுக்கு வேறொன்றை வேண்டிக்கொண்டிருக்கிறது. பெய்யட்டும். கொஞ்சமாவது பெய்யட்டும். "வலிக்குதுங்களா?" என்று கேட்கிறார் பூங்கோதை, கண்ணோரத்தில் தண்ணீரைப் பார்த்திருப்பார். இல்லை என்று தலையாட்டுகிறேன்.